சிங்கப்பூர் – நியூயார்க் ஃப்ளைட்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைங்க நியூயார்க்ல படிக்கிறாங்க, வேலை பார்க்குறாங்கன்னா சிங்கப்பூர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு வர்ற சந்தேகம் எல்லாம் ஒண்ணுதான். எத்தனை மணி நேரம், எந்த வழியா போகும், எந்த தேதியில இறங்குவோம், கால் வீங்குமா, இப்படியே போகும். என்கிட்ட கேட்குறவங்களுக்கு போன்ல தனித்தனியா சொல்லி சொல்லி, இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன். ரெண்டு ஊருக்கும் நடுவுல நேர்த்தூரம் எப்பவும் மாறாது, விமானம் போற வழியும் நேரமும்தான் தினம் மாறும், அதை பெரும்பாலும் மாத்துறது மேல அடிக்கிற காத்து. இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா கீழ இருக்குறதுல பாதி தானா புரிஞ்சிடும்.

சாங்கியில இருந்து ஜேஎஃப்கே (நியூயார்க் ஏர்போர்ட்) வரைக்கும் எத்தனை கிலோமீட்டர்?

நேர்த்தூரம் சுமார் 15,340 கிலோமீட்டர். மைல்ல சொன்னா 9,530 கிட்ட, பைலட்டுங்க கணக்கு போடுற கடல் மைல்ல 8,280 கிட்ட வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அதனாலதான் மூணு வெப்சைட்ல மூணு நம்பர் பார்த்து குழம்பிடுறோம், எல்லாமே ஒரே தூரம்தான். பூமியில எந்த ரெண்டு இடத்தை எடுத்தாலும் அதிகபட்ச இடைவெளி 20,000 கிலோமீட்டர்தான், பூமியோட சுற்றளவுல பாதி. அப்படி பார்த்தா இந்த ஒரே ஃப்ளைட் அதுல முக்கால் பங்குக்கு மேல போயிடுது. உலகத்துலயே நடுவுல நிக்காம போற நீளமான பயணிகள் ஃப்ளைட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட இந்த ஃப்ளைட்தான்.

அப்ப எத்தனை மணி நேரம் ஆகும்?

டிக்கெட்ல பதினெட்டே முக்கால் மணி நேரம் மாதிரி போட்டிருக்கும், சீசனுக்கு சீசன் கொஞ்சம் கூடும் குறையும். இந்த நேரம் வானத்துல பறக்குற நேரம் மட்டும் கிடையாது. கேட்ல இருந்து விமானம் நகர்ந்ததுல இருந்து அங்க போய் இன்னொரு கேட்ல நிக்கிற வரைக்கும் உள்ள கணக்கு. ரன்வேக்கு போய் வரிசையில நிக்கிறது, இறங்கினதுக்கு அப்புறம் மெதுவா உருண்டு போறது எல்லாம் இதுக்குள்ளதான் வருது, ஜேஎஃப்கேல சாயங்கால நெரிசல்ல இதுக்கே அரை மணி நேரம் போயிடும். அதனால காத்து நல்லா இருக்குற நாள்ல பறக்குற நேரம் பதினெட்டுக்கும் கீழ வந்துடும். 2018 அக்டோபர்ல இந்த சேவையை திரும்ப ஆரம்பிச்சாங்களே, அந்த முதல் ஃப்ளைட்டே பதினெட்டு மணி நேரத்துக்குள்ள நியூவார்க்ல (நியூயார்க் பக்கத்துல நியூஜெர்சியில இருக்குற ஏர்போர்ட்) இறங்கிடுச்சு.

மேப்ல பார்த்தா சிங்கப்பூருக்கு மேற்கால ஐரோப்பா, அதை தாண்டி அமெரிக்கா. ஆனா விமானம் ஜப்பான் பக்கம் போகுதே, சுத்தி போறாங்களா?

சுத்தல. சுவத்துல மாட்டுற மேப் தட்டையானது, பூமி உருண்டை, அதனால மேப்ல நேரா தெரியுற கோடு நிஜத்துல குட்டை வழி கிடையாது. வீட்டுல குளோப் இருந்தா ஒரு நூலை எடுத்து சிங்கப்பூர்லயும் நியூயார்க்லயும் பிடிச்சு இறுக்கமா இழுத்து பாருங்க. நூல் ஐரோப்பா பக்கமும் போகாது பசிபிக் பக்கமும் போகாது, நேரா மேல ஏறி சீனா, சைபீரியா, ஆர்க்டிக் கடல்னு போய் கனடா வழியா கீழ இறங்கும். வட துருவத்துல இருந்து 300 கிலோமீட்டருக்குள்ள அந்த கோடு போகுது! காரணம், இந்த ரெண்டு ஊரும் தீர்க்கரேகை கணக்குல கிட்டத்தட்ட எதிரெதிர். சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, ஜேஎஃப்கே மேற்கே 74 டிகிரி, கூட்டினா 178. இன்னும் ரெண்டு டிகிரி இருந்திருந்தா கோடு சரியா துருவத்து மேலேயே போயிருக்கும்.

அப்ப ஃப்ளைட் வட துருவம் வழியாத்தான் போகுதா?

பெரும்பாலும் இல்ல. இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

குட்டை வழி வேற, சீக்கிரம் போற வழி வேற. பத்து கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்தோட்டம் எப்பவும் மேற்குல இருந்து கிழக்கு பார்த்து ஓடிட்டு இருக்கு. ஜப்பானுக்கு மேலயும் வட பசிபிக்லயும் குளிர்காலத்துல அது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். விமானம் தானா போற வேகம் மணிக்கு 900 சொச்சம், அதுக்கு பின்னாடி இந்த காத்து தள்ளினா தரை கணக்குல 1,100, 1,200னு போகும், உங்க முன்னாடி இருக்குற ஸ்கிரீன்லயே அந்த நம்பர் தெரியும், போறப்ப பாருங்க. அதனால சிங்கப்பூர்ல கிளம்பினதும் வடகிழக்கா தைவான், ஜப்பான் பக்கம் போய் அந்த காத்தை பிடிச்சுக்கிட்டு பசிபிக்கை தாண்டி அலாஸ்கா, கனடா பக்கமா நுழைஞ்சு நியூயார்க் போறது வழக்கம். டோக்கியோ வழியா கோடு போட்டு கணக்கு பார்த்தா 16,200 கிலோமீட்டர் கிட்ட வருது, நேர்வழியை விட 800 கிலோமீட்டருக்கு மேல கூட, ஆனாலும் நேரம் மிச்சம்.

துருவத்து வழியில வேற தொல்லையும் இருக்கு. அங்க அவசரத்துக்கு இறங்க விமான நிலையம் ரொம்ப கம்மி, மேல இருக்குற காத்து ரொம்ப குளிர்ந்து போனா எரிபொருளோட சூட்டையும் கவனிச்சுக்கிட்டே போகணும், ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில உறைய ஆரம்பிக்கும். ரஷ்யா வான்வெளியையும் 2022-க்கு அப்புறம் பல விமான நிறுவனங்கள் தவிர்க்குறாங்க.

பொதுவா அமெரிக்கா போறப்ப ஒரு நேரம், வர்றப்ப ஒரு நேரம் ஆகும்னு சொல்வாங்க. இதுல மட்டும் ரெண்டும் ஏன் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு?

எனக்கு இந்த ரூட்ல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான். ரெண்டு ஊரும் எதிரெதிரா இருக்குறதால கிழக்கு பார்த்து போனாலும் சரி மேற்கு பார்த்து போனாலும் சரி, தூரத்துல பெரிய வித்தியாசம் வராது. லண்டன் – நியூயார்க்ல அந்த வசதி இல்ல, ஒரு பக்கம் காத்து தள்ளும், மறு பக்கம் காத்தை எதிர்த்து போயே ஆகணும். இங்க போறப்ப பசிபிக் வழியா கிழக்கே போவாங்க, திரும்பி வர்றப்பவும் பல நாள் கிழக்கேயேதான் வருவாங்க, அட்லாண்டிக்கை தாண்டி ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடான்னு. அதாவது ரெண்டு தடவையும் பின்காத்து! இஸ்தான்புல் வழியா கோடு போட்டா 16,700 கிலோமீட்டர் கிட்ட வருது, நேர்வழியை விட 1,300க்கு மேல கூட, அதையும் காத்து சரிக்கட்டிடுது. அப்படி ரெண்டு தடவையும் கிழக்கேயே போயிட்டு வந்தா பூமியை ஒரு முழு சுத்து சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கீங்கன்னு அர்த்தம்.

ஆனா தினமும் இப்படித்தான்னு இல்ல. அன்னன்னைக்கு காத்து முன்னறிவிப்பு, எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கு, எங்க சண்டை நடக்குது, இதெல்லாம் பார்த்து கிளம்புறதுக்கு சில மணி நேரம் முன்னாடிதான் வழியை முடிவு பண்ணுவாங்க, சில நாள் வர்றப்பவும் பசிபிக் வழியாவே வந்துடும். யாராவது பயணம் பண்றப்ப, விமானம் எங்க பறக்குதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார்24 வெப்சைட்ல எஸ்கியூ 24, எஸ்கியூ 23னு போட்டு பாருங்க, 24 போறது, 23 வர்றது. அடுத்தடுத்த நாள்லயே கோடு வேற வேற மாதிரி இருக்கும்.

பூமி சுத்துதே, விமானம் மேலயே நின்னா நியூயார்க் தானா கீழ வந்துடாதா?

சின்ன பசங்க கேட்குற கேள்விதான், ஆனா பெரியவங்களுக்கும் மனசுக்குள்ள இருக்கு, கேட்க கூச்சப்படுறாங்க. பூமி சுத்துறப்ப அதோட சேர்ந்து காத்து மண்டலமும் சுத்துது, அதுக்குள்ள பறக்குற விமானமும் சேர்ந்துதான் சுத்துது. அதனால பூமி சுத்துறது நேரா உதவி பண்ணாது. மறைமுகமா உண்டு, அந்த ஜெட் ஸ்ட்ரீம் மேற்குல இருந்து கிழக்கே ஓடுறதுக்கே பூமியோட சுழற்சிதான் ஒரு காரணம்.

மத்தியானம் கிளம்பி அதே நாள் சாயங்காலம் இறங்குறதா டிக்கெட்ல இருக்கு. தப்பா அச்சடிச்சிட்டாங்களா?

சரியாத்தான் இருக்கு. டிக்கெட்ல எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நேரம் வருஷம் பூரா ஒண்ணுதான், நியூயார்க்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துவாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி. அதனால வெயில் காலத்துல வித்தியாசம் 12 மணி நேரம், குளிர் காலத்துல 13.

கணக்கு போட்டு பாருங்க. ஜனவரியில திங்கக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு சாங்கியில கிளம்புறீங்க, பதினெட்டே முக்கால் மணி நேரம் கூட்டினா சிங்கப்பூர்ல செவ்வாய் காலை 6:45, அதுல 13 கழிச்சா நியூயார்க்ல அதே திங்கக்கிழமை சாயங்காலம் 5:45. திரும்பி வர்றப்ப இதுக்கு தலைகீழ். திங்கக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஜேஎஃப்கேல ஏறினா புதன்கிழமை விடியகாலை ஆறு மணி வாக்குலதான் சிங்கப்பூர், செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்துலயே போயிடும். டிக்கெட்ல நேரத்துக்கு பக்கத்துல +2ன்னு சின்னதா போட்டிருக்குறது இதுக்குத்தான். ஏர்போர்ட்டுக்கு கூப்பிட வர்றவங்களுக்கு கிளம்புற தேதியை சொல்லாதீங்க, இறங்குற தேதியையும் கிழமையையும் சொல்லுங்க. ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னவங்க எல்லாம் உண்டு.

நடுவுல எரிபொருள் போட வேணாமா? சாதாரண விமானம் இவ்வளவு தூரம் போகுமா?

சாதாரணமானது போகாது, அதுக்குன்னே செஞ்ச விமானம் இது, ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர். உலகத்துலயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்கிட்ட மட்டும்தான் இருக்கு, மொத்தம் ஏழு. சாதாரண ஏ350-900 1,41,000 லிட்டர் பிடிக்கும்னா இது 1,65,000 லிட்டர் பிடிக்கும். புதுசா டேங்க் எதுவும் வைக்கல, இருக்குற டேங்க்லயே இன்னும் மேல வரைக்கும் நிரப்புற மாதிரி மாத்தியிருக்காங்க. டேங்க் நிரம்பினா எரிபொருள் எடை மட்டும் 130 டன் கிட்ட, விமானம் கிளம்பலாம்னு அனுமதிச்ச மொத்த எடையே 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான்!

இதுக்கு முன்னாடியும் இந்த சேவை இருந்துச்சு. 2004 ஜூன்ல சிங்கப்பூர் – நியூவார்க் ஆரம்பிச்சாங்க, அப்ப ஏ340-500, நாலு இன்ஜின். நாலு இன்ஜின் குடிக்கிற எரிபொருளுக்கு டிக்கெட் காசு கட்டுபடியாகல. 2008-ல மொத்த விமானத்தையும் நூறே நூறு பிசினஸ் சீட்டா மாத்தி பார்த்தாங்க, அப்படியும் 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2018 அக்டோபர் 11-ல ரெண்டு இன்ஜின் ஏ350 வச்சு திரும்ப ஆரம்பிச்சதுதான் இப்ப ஓடுறது. ஜேஎஃப்கேக்கு போக ஆரம்பிச்சது 2020 நவம்பர்ல. நியூவார்க்குக்கும் தனி ஃப்ளைட் இருக்கு, தூரத்துல சில கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதனால பிள்ளை வீடு நியூஜெர்சி பக்கம்னா நியூவார்க், குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம்னா ஜேஎஃப்கேன்னு பார்த்து எடுங்க.

எகானமி டிக்கெட் தேடினா காட்டவே மாட்டேங்குதே?

இந்த விமானத்துல எகானமி கிடையாது. 2018-ல வந்த அமைப்புல மொத்தம் 161 சீட்தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. ஆள் கூடினா எடை கூடும், எடை கூடினா தூரம் குறையும், அதான் காரணம். பிரீமியம் எகானமியில கடைசி மூணு வரிசையில ஜன்னலோரம் ஒத்தை சீட் இருக்கு, தனியா போறவங்களுக்கு அது ரொம்ப நல்லது, யாரையும் எழுப்பாம எழுந்து நடக்கலாம். சீட் அமைப்பை மாத்தி முதல் வகுப்பும் கொண்டு வரப்போறதா கம்பெனி 2024-ல அறிவிச்சிருக்கு, அதனால புக் பண்றப்ப சீட் மேப்பை ஒரு தடவை பார்த்துக்குங்க.

ஒரு இடத்துல நின்னு போனா எவ்வளவு ஆகும்? அது நல்லதா?

அதே கம்பெனியிலயே ஃபிராங்ஃபர்ட்ல நின்னு ஜேஎஃப்கே போற எஸ்கியூ 26 இருக்கு. சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் 10,300 கிட்ட, அங்கிருந்து நியூயார்க் 6,200 கிட்ட, ஆக மொத்தம் 16,500 கிலோமீட்டர். நடுவுல நிக்கிறதையும் சேர்த்தா ஒரு நாள் ஓடிடும், நேரடியை விட அஞ்சாறு மணி நேரம் கூட. டோக்கியோ, துபாய், தோஹா, ஹாங்காங்னு மாறிப் போறவங்களும் நிறைய. எகானமி வேணும்னா இதுதான் வழி, காசும் கம்மியா வரும்.

நல்லதான்னு கேட்டா, என் கருத்து இதுதான்: பதினெட்டு மணி நேரம் ஒரே சீட்ல உட்கார முடியாதவங்களுக்கு நடுவுல இறங்கி நடக்குறது பெரிய நிம்மதி. அதே நேரம் மொழி தெரியாத ஏர்போர்ட்ல கேட் தேடி ஓட முடியாத வயசானவங்க தனியா போறாங்கன்னா காசு போனா போகுதுன்னு நேரடியில அனுப்புங்க. ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவான கனெக்‌ஷனை மட்டும் எடுக்காதீங்க, முதல் ஃப்ளைட் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்தது போயிடும்.

சென்னையில இருந்து வர்றவங்க சிங்கப்பூர் வந்து இந்த ஃப்ளைட்ல போகலாமா?

போகலாம், ஆனா தூரம் பார்த்தா கட்டுபடியாகாது. சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் 13,500 கிலோமீட்டர் கிட்ட. சென்னையில இருந்து சிங்கப்பூரும் துபாயும் கிட்டத்தட்ட ஒரே தூரம், ரெண்டுமே 2,900 சொச்சம். ஆனா துபாய் போற வழியில இருக்கு, சிங்கப்பூர் எதிர்ப்பக்கம். துபாய் வழியா மொத்தம் 14,000 கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும், சிங்கப்பூர் வழியா போனா 18,200க்கு மேல. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல சும்மா சுத்துறீங்க. சிங்கப்பூர்ல பேரப்பிள்ளைங்களை பார்த்து ரெண்டு வாரம் தங்கிட்டு போறோம்னா தாராளமா இந்த வழியில வாங்க, இல்லேன்னா வளைகுடா வழிதான் சரி.

வயசானவங்க இவ்வளவு நேரம் உட்கார்ந்து போகலாமா?

போறாங்க, நல்லாவே போறாங்க, ஆனா தயாராகி போகணும். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்து கூடும்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லயே சொல்லியிருக்கு, இது அதைப் போல நாலு மடங்குக்கு மேல. எங்க அத்தை ஒரு தடவை ஷூவை கழட்டி வச்சிட்டு நல்லா தூங்கிட்டாங்க, இறங்குறப்ப கால் வீங்கி ஷூ உள்ள போகவே இல்ல, ஃப்ளைட்ல குடுத்த சாக்ஸோடயே இமிகிரேஷன் வரிசையில நின்னாங்க. அதுக்கப்புறம் முழங்கால் வரைக்கும் வர்ற கம்ப்ரெஷன் சாக்ஸ் போடாம கிளம்புறதே இல்ல. ஆனா கால்ல ரத்த ஓட்ட பிரச்சனை இருக்குறவங்க அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்.

முழிச்சிருக்குற நேரத்துல மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க சொல்லுங்க. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருப்பாங்க நம்ம ஊர் அம்மாக்கள், அது ரொம்ப தப்பு, உள்ள காத்து வறண்டு போயிருக்கும். மாத்திரை எல்லாம் கைப்பையில இருக்கட்டும், பெரிய பெட்டியில போடவே கூடாது. சுகர், இன்சுலின் இருக்குறவங்களுக்கு முக்கியமா ஒண்ணு, ராத்திரி பகல் அப்படியே மாறிடுறதால எந்த வேளை மருந்தை எப்ப போடுறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு, சிங்கப்பூர் நேரத்துலயே பேப்பர்ல எழுதி குடுத்துடுங்க. வீல்சேர் வேணும்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வச்சிடணும். நடக்க முடிஞ்சாலும் கேளுங்க, ஜேஎஃப்கேல வரிசை சில நாள் ரொம்ப நீளமா இருக்கும்.

பைலட் அவ்வளவு நேரம் முழிச்சே இருப்பாரா?

நாலு பைலட் இருப்பாங்க. மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, மத்தவங்க படுத்து தூங்க தனி இடம் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல.

பெட்டியில எதை வைக்கக்கூடாது?

பவர் பேங்க் பெரிய பெட்டியில போடக்கூடாது, கைப்பையிலதான். 2025 ஏப்ரல்ல இருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ளைட்டுக்குள்ள பவர் பேங்க்ல போனை சார்ஜ் போடவும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, சீட்லயே பிளக் இருக்கு, கேபிளை மட்டும் எடுத்துட்டு போங்க. அப்புறம் கருவேப்பிலை. அமெரிக்காவுக்கு கொண்டு போகவே கூடாது, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களை அழிக்கிற நோயை பரப்புற பூச்சி அந்த இலையில வரும்னு தடை போட்டிருக்காங்க. சாம்பார் பொடி, மசாலா பொடி கொண்டு போகலாம், ஆனா சாப்பாட்டு பொருள் எது இருந்தாலும் கேட்டா இருக்குன்னு சொல்லிடுங்க. மறைச்சாத்தான் அபராதம்.

வீட்டுல இருந்து வீடு வரைக்கும் மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

இருபத்தஞ்சு மணி நேரம்னு வச்சுக்குங்க. சாங்கிக்கு மூணு மணி நேரம் முன்னாடி போகணும், அமெரிக்கா ஃப்ளைட்டுக்கு கேட்ல கூடுதல் சோதனை இருக்கலாம். அதுக்கு மேல பதினெட்டே முக்கால், ஜேஎஃப்கே நாலாவது டெர்மினல்ல இமிகிரேஷன், பெட்டி எடுக்குறதுன்னு ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரம், அப்புறம் நியூயார்க் டிராஃபிக். சாயங்காலம் இறங்குறதால ரோடு நிறைஞ்சிருக்கும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரங்க எஸ்டா (விசா இல்லாம போறவங்க ஆன்லைன்ல வாங்குறது) அனுமதியை குறைஞ்சது மூணு நாள் முன்னாடியே வாங்கி வச்சிடணும், இந்திய பாஸ்போர்ட்னா முறையா விசா வேணும், அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிங்க.

இதைவிட நீளமான ஃப்ளைட் வருமா?

வரப்போகுது. ஆஸ்திரேலியாவோட குவான்டாஸ் சிட்னியில இருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிறுத்தாம பறக்க ஏ350-1000 விமானங்களை ஆர்டர் பண்ணியிருக்காங்க, 20,000 லிட்டர் கூடுதல் டேங்க் வச்சு, 238 சீட் மட்டும். சிட்னி – லண்டன் 17,000 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆனா அந்த ரூட்ல லண்டன் போறப்ப காத்தை எதிர்த்துத்தான் போகணும்.